மலைமேல் ஒரு ஊர், மலையடியில் ஒரு ஊர்

வேப்பமூடு பூங்காவில் சாயங்காலம் நடக்கிற கூட்டத்தில் நாங்கள் நாலு பேர் ஒரு செட்டு. மூத்தவர் அண்ணாச்சி, 74 வயது, மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்தவர் வாத்தியார், தமிழாசிரியர், கல்வெட்டுப் பைத்தியம். போஸ்ட்மாஸ்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டாம், எதிலும் ஒரு முத்திரை குத்தித்தான் அனுப்புவார். நாலாவது ஆள் நான். கார் வைத்திருப்பதால் எனக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு.

அண்ணாச்சி போன வருஷம் மூன்று மாதம் ஜெர்மனியில் மகள் வீட்டில் இருந்துவிட்டு வந்தார். மருமகன் அவரைக் காரிலேயே இத்தாலிக்கு அழைத்துப் போயிருக்கிறார். வந்த நாளில் இருந்து நடை முடிந்து பெஞ்சில் உட்கார்ந்தால் போன்தான், படம்தான். குன்று, குன்றின்மேல் மதில், மதிலுக்குள் ஓட்டு வீடுகள், நடுவில் ஒரு தேவாலயக் கோபுரம். அடுத்த படத்திலும் அதேதான், குன்று மட்டும் வேறு.

சான் ஜிமிஞானோ என்று ஓர் ஊர். அந்தக் காலத்துப் பணக்காரக் குடும்பங்கள் ஒன்றுக்கொன்று போட்டி போட்டுக் கல் கோபுரம் கட்டியிருக்கின்றன. 72 இருந்ததாம், இப்போது மிச்சம் 14. "நம்ம ஊர்ல கல்யாண மண்டபம் கட்டுகதைப் போல" என்றார் வாத்தியார். ஒர்வியெத்தோ என்று இன்னோர் ஊர். செங்குத்தான பாறைமேல் உட்கார்ந்திருக்கிறது. 1527-ல் ரோம் கொள்ளை போனபோது தப்பி வந்த போப்பாண்டவர், முற்றுகை வந்தால் தண்ணீருக்கு என்ன செய்வது என்று பயந்து அங்கே ஒரு கிணறு வெட்டச் சொன்னார். 53 மீட்டர் ஆழம். இறங்க ஒரு சுருள் படிக்கட்டு, ஏற இன்னொன்று, ஒவ்வொன்றிலும் 248 படிகள். தண்ணீர் எடுக்க இறங்கும் கழுதையும் சுமந்து ஏறும் கழுதையும் எதிரும் புதிருமாக முட்டிக்கொள்ளாது. அண்ணாச்சி ஆயுள் முழுக்க மின்கம்பிகளோடு வாழ்ந்தவர். அந்தக் கிணற்றைப் பற்றி மட்டும் நாலு நாள் பேசினார்.

ஐந்தாம் நாள் போஸ்ட்மாஸ்டர் பொறுக்க முடியாமல், "அண்ணாச்சி, வெளிநாடு போய்ட்டு வந்தவன் சொல்லுகதை ஆறு மாசத்துக்கு நம்பப்படாது. நம்ம ஊர்ல இல்லாத மலையா?" என்றார்.

"மலை இருக்கு வே. மலைமேல ஊரு உண்டா? மதிலுக்குள்ள ஊரு உண்டா? ஒண்ணு காட்டும் பாப்போம்."

இப்படித்தான் தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பினோம். திங்கள் கூடாது என்று வாத்தியார் முன்பே சொல்லிவிட்டார், பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. காலையில் சிதறால், பிறகு திருநந்திக்கரை, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் பத்மநாபபுரம் என்பது திட்டம். எல்லாம் நாகர்கோவிலில் இருந்து ஒரு மணி, ஒன்றரை மணி தூரத்துக்குள் அடக்கம். இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம், நால்வரில் சிதறால் மலையை ஏறியவர் வாத்தியார் ஒருவர்தான். அண்ணாச்சி இத்தாலிக் குன்றுகளையே ஏறி வந்துவிட்டார், மார்த்தாண்டத்தில் இருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் குன்றை ஏறியதில்லை. "வேலையா போனா மார்த்தாண்டம் சப்ஸ்டேஷன், வேலை முடிஞ்சா வீடு" என்றார். நமக்கு வீட்டுப் பக்கத்தில் இருப்பது எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்ற கணக்கில் கிடந்துவிடுகிறது.

தக்கலையில் காலைச் சாப்பாடு. புட்டு, கடலைக்கறி, பப்படம், ஏத்தன்பழம். டாக்டர் சொன்னதை எல்லாம் எல்லாரும் காரிலேயே வைத்துவிட்டு இறங்கினோம்.

மார்த்தாண்டம் தாண்டி உள்ளே திரும்பியதும் ரோடு சிறுத்து, ரப்பரும் வாழையுமாகப் பச்சை இரண்டு பக்கமும் நெருங்கி வந்தது. சிதறால் என்பது ஊரின் பெயர். குன்றின் பழைய பெயர் திருச்சாரணத்துமலை. சாரணர் என்றால் சமணத் துறவிகளில் ஒரு வகையினர். அடிவாரத்தில் இருந்து உச்சிவரை கல் பாவிய பாதை போட்டிருக்கிறார்கள், நல்ல பாதை. இரு பக்கமும் கொல்லாமரங்கள். இடையிடையே உட்காரத் திண்டுகள் உண்டு. எங்களைப் போன்றவர்கள் வருவார்கள் என்று தொல்லியல் துறைக்குத் தெரிந்திருக்கிறது. அண்ணாச்சி ஒவ்வொரு திண்டிலும் உட்கார்ந்தார். போஸ்ட்மாஸ்டர் அவருக்குத் துணையாக உட்காருவதுபோல் உட்கார்ந்தார். மொத்தம் அரை மணி நேரம். இளவட்டங்கள் பத்துப் பதினைந்து நிமிடத்தில் போய்விடுவார்கள்.

மேலே போனதும் இரண்டு பெரிய பாறைகளுக்கு நடுவே குறுகலான வழி. அதற்குள் நுழைந்து வெளியே வந்தால் காற்று மாறுகிறது. இடது கைப்பக்கம் பார்த்தால் பாறை முகத்தில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள் தீர்த்தங்கரர்கள், தலைக்குமேல் முக்குடை. பார்சுவநாதர் நின்றுகொண்டிருக்கிறார், அவருக்குமேல் பாம்பு படம் விரித்திருக்கிறது. இன்னொரு பக்கம் அம்பிகா, கூடவே சிங்கமும் குழந்தைகளும். ஒன்பதாம் நூற்றாண்டு வேலை. அளவில் பெரிய சிற்பங்கள் இல்லை, முழங்கை உயரம் இருந்தால் அதிகம். படம் பார்த்து வருகிறவர்களுக்கு முதலில் 'இவ்வளவுதானா' என்று தோன்றும். கொஞ்ச நேரம் நின்றால் அந்த எண்ணம் போய்விடும். இத்தனை அமைதியாக யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

சிற்பங்களைத் தாண்டினால் கோவில். மேலே கூரைபோல் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெரும்பாறை, அதன் கீழே தூண் வைத்து மண்டபம். உள்ளே மகாவீரர், பார்சுவநாதர், பகவதி. கீழே பாறைக் குழிவில் சுனை. சுனைக்கு அப்பால் தென்னை, ரப்பர், தூரத்தில் ஆறு, அதற்கும் பின்னால் மேற்கு மலை.

வாத்தியாருக்கு அவருடைய இடம் வந்துவிட்டது. வட்டெழுத்துக் கல்வெட்டைக் காட்டி, "இது ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனோட 28-ஆவது ஆட்சியாண்டு. குணந்தாங்கிக் குரத்திகள்னு ஒரு அம்மா, அரட்டநேமி பட்டாரர்னு ஒருத்தரோட மாணாக்கி. இங்க உள்ள அம்மனுக்குப் பொன் நகை குடுத்திருக்கா" என்றார். குரத்திகள் என்றால் பெண் துறவி, ஆசிரியை. இங்கே இருந்த பெண் ஆசிரியைகளின் பெயர் கழுகுமலைக் கல்வெட்டுகளிலும் வருகிறது. திருச்சாரணத்துக் குரத்திகள் என்றே எழுதியிருக்கிறது. கழுகுமலை எங்கே இருக்கிறது? கோவில்பட்டிக்குப் பக்கம். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி, ஆயிரம் வருஷத்துக்கு முன்னால், பெண்கள் நடந்து போயிருக்கிறார்கள். இந்தக் குன்று ஒரு படிப்பிடமாக இருந்திருக்கிறது, அதில் பெண்கள் படித்தும் சொல்லிக் கொடுத்தும் இருக்கிறார்கள். இந்த ஒரு செய்திக்காகவே நான் இன்னும் நாலு தடவை ஏறத் தயார்.

"துறவிக்கு ஏது பொன்நகை?" என்று கேட்டார் போஸ்ட்மாஸ்டர். நியாயமான கேள்வி. வாத்தியார் காதில் விழாதவர்போல் மேலே பேசினார்.

பிறகு சமணம் தேய்ந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இது பகவதி கோவில் ஆகிவிட்டது. இதில்தான் இரண்டு பேருக்கும் தகராறு. "அடுத்தவன் கோவிலைப் புடிச்சுக்கிட்டானுவ" என்பது போஸ்ட்மாஸ்டர் கட்சி. "புடிச்சிருந்தா உள்ள உள்ள தீர்த்தங்கரரைத் தூக்கி எறிஞ்சிருக்க மாட்டானா? கூடவே வச்சுக் கும்பிட்டிருக்கான் வே" என்பது வாத்தியார் கட்சி. நம் நாகராஜா கோவிலையே எடுத்துக்கொள்ளலாம். ஆவணி ஞாயிறுகளில் பாலும் மஞ்சளுமாக வரிசையில் நிற்கிறோமே, அந்த மண்டபத் தூண்களில் மகாவீரரும் பார்சுவநாதரும் இருக்கிறார்கள். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட அங்கே குணவீர பண்டிதன், கமலவாகன பண்டிதன் என்ற சமணர்கள் பொறுப்பில் இருந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. பார்சுவநாதர் தலைக்குமேல் இருக்கும் பாம்பு ஊருக்குத் தெரிந்த பாம்புதான். கும்பிட வந்தவர்களுக்குப் பெயர் மாறியதே தவிர, நடை மாறியிருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. சமணர்களுக்கு இங்கே கஷ்டமே வரவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தக் குன்றில் விளக்கு எரிந்துகொண்டே இருந்ததற்கு, பின்னால் வந்தவர்களும் ஒரு காரணம்.

இதை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அண்ணாச்சி, சுனையைப் பார்த்தபடி, "சரி, கோவில் இருக்கு, பள்ளி இருக்கு. ஊரு எங்க?" என்றார்.

நல்ல கேள்விதான். ஊர் மேலே இல்லை, கீழே இருக்கிறது. இத்தாலியில் ரோமப் பேரரசு சரிந்த பிறகு பள்ளத்தில் இருப்பது ஆபத்து. படை வரும், கொள்ளை வரும், சதுப்பு நிலங்களில் இருந்து மலேரியாக் காய்ச்சல் வரும். ஆகவே சனங்கள் குன்றேறி மதில் கட்டினார்கள். தண்ணீருக்குத்தான் பாடு, அதனால்தான் அந்த 248 படிக் கிணறு. நம்முடைய கதை நேர்மாறு. நாஞ்சில் என்றால் கலப்பை. பழையாறும் அதில் இருந்து நிரம்பும் குளங்களும் எங்கே இருக்கின்றனவோ அங்கேதான் நெல், நெல் இருக்கும் இடத்தில்தான் ஊர். குளத்தங்கரை, ஆற்றங்கரை, வயல் வரப்பு. மலைப்பக்கம் காடும் யானையும் காய்ச்சலும். ஆகவே மலையைச் சாமிக்கும் சாமியாருக்கும் கொடுத்துவிட்டோம். திருச்சாரணத்துமலையில் சமணர், வேளிமலையில் குமாரசாமி, மருந்துவாழ்மலையில் சித்தர்கள். மலையை அண்ணாந்து பார்த்துக் கும்பிடுவோம், குடியிருக்கக் கீழே இறங்கிவிடுவோம். இதை நான் சொன்னபோது போஸ்ட்மாஸ்டர், "வெள்ளம் இல்லாத எடத்துல பொண்ணு குடுக்க மாட்டான் வே, பொறவு எங்க ஊரு உண்டாவும்?" என்று ஒரே வரியில் முடித்தார். என்னுடைய விளக்கத்தைவிட அது நன்றாக இருந்தது.

பாறை நிழலில் உட்கார்ந்து, கொண்டுபோன நேந்திரங்காய் வற்றலைத் தின்றுகொண்டிருந்தபோதுதான் அண்ணாச்சி போனை எடுத்து இன்னொரு படம் காட்டினார். அதுவரை காட்டாத படம். ஒரு தனிக் குன்று, உச்சியில் கொஞ்சம் வீடுகள், அங்கே போக நீளமான ஒரு நடைபாலம் மட்டும். சிவிதா என்று பெயர். குன்றின் மண் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்துகொண்டே இருக்கிறது. செத்துக்கொண்டிருக்கும் ஊர் என்று இத்தாலிக்காரர்களே அதைச் சொல்கிறார்கள். நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் ஒரு டஜன் பேர் தேறினால் அதிகம். உள்ளே நுழையச் சீட்டு வாங்க வேண்டும். சன்னலில் எல்லாம் பூச்சட்டி, வாசலில் பூனை, வீட்டுக்குள் ஆள் கிடையாது.

"ராத்திரி ஏழு மணிக்கு மேல பாத்தா ஒரு வீட்டுலயும் லைட்டு இல்ல வே. அவ்வளவு அழகு, லைட்டு இல்ல." மின்வாரியக்காரர் கண்ணுக்கு அதுதான் பட்டிருக்கிறது.

கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "பங்குனியோட நான் ஜெர்மனிக்குப் போறேன். இந்தத் தடவை திரும்புகதுக்கு டிக்கெட் போடல்ல."

எங்களுக்கு ஓரளவு ஊகம் இருந்தது. மதினி தவறி இரண்டு வருஷம் ஆகிறது. போன மழையில் குளியலறையில் விழுந்து, இரவு முழுக்கக் கிடந்து, காலையில் பால்காரர் வந்து பார்த்தபிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். அதன்பிறகு மகள் விடவில்லை. மகள் சொல்வதும் சரிதான். யாரும் எதுவும் பேசவில்லை. வாத்தியார்தான், "வீடு?" என்று கேட்டார்.

"பூட்டிப் போடுவேன்."

அண்ணாச்சியின் வீடு வடிவீஸ்வரத்துப் பக்கம், தெருவைப் பார்த்த பழைய வீடு. முன்னால் திண்ணை, உள்ளே நாலு பக்கமும் தாழ்வாரம் வைத்த முற்றம், பின்னால் அடுக்களை, கிணறு, கறிவேப்பிலை. மதினி வைத்த அஞ்சறைப் பெட்டிகூட வைத்த இடத்தில் அப்படியே இருக்கிறது. விற்க மனசு வரவில்லை. வாடகைக்கு விட்டால் அடுத்தவள் அந்த அடுப்பில் சமைப்பாள். அதைத்தான் அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆகவே பூட்டு. வருஷத்துக்கு ஒரு தடவை யாராவது திறந்து பெருக்கினால் போதும் என்றார்.

எங்கள் தெருவில் பூட்டிக் கிடக்கும் வீடுகளை நான் எண்ணியிருக்கிறேன். ஒன்பது. எல்லாம் மக்கமார் வளைகுடாவிலோ அமெரிக்காவிலோ பெங்களூரிலோ இருக்கிற வீடுகள். பூட்டிய ஓட்டு வீடு எப்படிச் சாகும் என்பது இந்த ஊரில் இருப்பவர்களுக்குத் தெரியும். முதல் மழையில் ஓடு நகரும். இரண்டாம் மழையில் கழுக்கோலில் நீர் இறங்கும். பிறகு கரையான். நாலாவது வருஷம் முற்றத்தில் ஆலங்கன்று. இதை அண்ணாச்சியிடம் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. போஸ்ட்மாஸ்டருக்குக்கூட. இறங்கும்போது அவர் அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார், திண்டுகளில் உட்காரவில்லை.

திருநந்திக்கரை குலசேகரத்துக்குப் பக்கம். சிவாலய ஓட்டத்தில் நாலாவது கோவில் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். சிவராத்திரிக்கு முஞ்சிறையில் தொடங்கி நட்டாலம்வரை பன்னிரண்டு சிவன் கோவிலுக்கும் கையில் விசிறியோடு, 'கோவிந்தா, கோபாலா' என்று கூவிக்கொண்டு ஓடுவார்கள். நானும் சின்ன வயதில் ஒரு தடவை ஓடியிருக்கிறேன். ஓடிக்கொண்டே பார்த்தால் ஒன்றும் தெரியாது, தூக்கம்தான் தெரியும். கோவிலுக்குப் பக்கத்துப் பாறையைக் குடைந்த ஒரு குகைக்கோவில் இருப்பதே அன்று என் கண்ணில் படவில்லை.

குகைக்குள் ஒரு காலத்தில் சுவர் முழுக்க ஓவியம். இப்போது அங்கங்கே ஒரு கோடு, ஒரு முகத்தின் சாயல், ஒரு சிங்கம். வாத்தியார் விரலை நீட்டி, தொடாமல், காற்றிலேயே வரைந்து காட்டினார். கொஞ்சம் பொறுத்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. இங்கே ராஜராஜ சோழனின் 18-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டும் இருக்கிறது. முட்டம் என்ற ஊருக்கு மும்முடிச் சோழநல்லூர் என்று பெயர் மாற்றி, தன் பிறந்தநாளான ஐப்பசிச் சதயத்தில் விழா எடுப்பதற்காக இந்தக் கோவிலுக்குக் கொடுத்திருக்கிறார். தஞ்சாவூர்க்காரர் பிறந்தநாளை இவ்வளவு தூரத்தில் கொண்டாடச் சொல்லியிருக்கிறார். முட்டத்துக்காரர்கள் இன்றைக்கும் முட்டம் என்றுதான் சொல்கிறார்கள்.

மத்தியானம் குலசேகரத்தில் சாப்பாடு. மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். வாத்தியார் சைவம் என்பதால் அவருக்கு அவியலும் எரிசேரியும் கிடைக்க நாலு கடை ஏறி இறங்கினோம். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இன்னொரு நாள்.

பத்மநாபபுரம் போய்ச்சேர மூன்று மணி. அரண்மனையைப் பற்றி நான் நிறையச் சொல்லப் போவதில்லை, பள்ளிக்கூடச் சுற்றுலாவில் எல்லாரும் பார்த்ததுதான். தேங்காய்ச் சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளையும் சுண்ணாம்பும் சேர்த்துப் போட்டதாகச் சொல்லும் கறுப்புத் தரை காலுக்கு இன்னமும் குளிர்ச்சிதான். ஊட்டுப்புரையில் ஒரே பந்தியில் இரண்டு மாடியிலுமாக 2,000 பேர் உட்காரலாம் என்கிறார்கள். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டோடு சேர்ந்தபிறகும் இந்த அரண்மனை மட்டும் கேரள அரசிடம்தான் இருக்கிறது. உள்ளே மலையாளம், மதிலைத் தாண்டி வெளியே வந்தால் தமிழ். போஸ்ட்மாஸ்டருக்கு இதில் பழைய கோபம். எனக்கு இல்லை. துடைத்து, மெழுகி, ஓடு மாற்றி நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

நான் அண்ணாச்சிக்குக் காட்ட நினைத்தது அரண்மனையை அல்ல, அதைச் சுற்றி இருப்பதை. அரண்மனை ஆறரை ஏக்கர்தான். கோட்டை மதில் சுற்றளவு சுமார் நாலு கிலோமீட்டர், கருங்கல். பழைய பெயர் கல்குளம். மார்த்தாண்ட வர்மா அரண்மனையை எடுத்துக்கட்டி, 1750-ல் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்தபோது ஊருக்குப் பத்மநாபபுரம் என்று பெயர் வந்தது. அதே நூற்றாண்டு முடிவதற்குள் தர்மராஜா காலத்தில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. அரசரும் போனார், படையும் போனது, கச்சேரிகளும் போயின. இத்தாலிக் கணக்குப்படி இந்த ஊர் அன்றைக்கே செத்திருக்க வேண்டும்.

காரை ஓரங்கட்டிவிட்டு மதிலோரம் நடந்தோம். பின்னால் வேளிமலை சாயங்கால வெயிலில் நின்றது. மதிலுக்குள் தெரு, தெருவில் வீடுகள், பள்ளிக்கூடம், மளிகைக் கடை, நீலகண்டசாமி கோவில். அதுவும் பன்னிரண்டில் ஒன்று. ஒரு வீட்டில் கோட்டைச் சுவரையே பின்சுவராக வைத்துக் கொடி கட்டி, யூனிபாரம் சட்டை காயப்போட்டிருந்தார்கள். ஒரு மூலையில் மதிலின் கல் ஒன்று துணி துவைக்கும் கல் ஆகியிருந்தது. தொல்லியல் துறை பார்த்தால் திட்டும், திட்டத்தான் வேண்டும். நவராத்திரி வந்தால் இங்கே இருந்து சரஸ்வதி அம்மன் கிளம்புவாள். வேளிமலைக் குமாரசாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் சேர்ந்துகொள்ள, மூன்று பேரும் ஊர்வலமாகத் திருவனந்தபுரம் போய்க் கொலு இருந்துவிட்டுத் திரும்பி வருவார்கள். அரசர் குடிபெயர்ந்து இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அம்மன் வீட்டைக் காலி பண்ணவில்லை, வருஷா வருஷம் போய்விட்டு வந்துவிடுகிறாள்.

"இந்தா அண்ணாச்சி, மதிலுக்குள்ள ஊரு" என்றேன்.

அவர் மதிலைத் தடவிப் பார்த்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தார். ஆறு மணிக்குத் தெருவிளக்கு எரிந்தது. ஒவ்வொரு வீடாக லைட்டுப் போட்டார்கள். ஒரு வீட்டில் தாளிக்கும் சத்தம் கேட்டது, யாரோ ஒரு பையனைப் படிக்கச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். அண்ணாச்சி நின்று மின்கம்பத்தைப் பார்த்து, "லைன் தொங்குது, இழுத்துக் கட்டச் சொல்லணும்" என்றார். பழக்க தோஷம்.

தக்கலையில் கட்டஞ்சாயா குடிக்கும்போது, கேட்காமலே ஆரம்பித்தார். கோவில் பக்கத்தில் ஒரு ஸ்கூல் டீச்சர் குடும்பம் வீடு தேடுகிறது, இரண்டு பெண் பிள்ளைகள், இரண்டு மாதம் முன்பு வந்து கேட்டார்கள், அன்றைக்கு இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன் என்றார்.

"வாடகை என்ன கேக்கலாம் வே?"

அவ்வளவுதான், மூன்று பேருக்கும் வாய் வந்துவிட்டது. போஸ்ட்மாஸ்டர் எட்டாயிரம் என்றார். வாத்தியார், டீச்சருக்கு எட்டாயிரம் அதிகம், ஆறு போதும், ஓடு பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு என்றார். நான் பதினொரு மாத ஒப்பந்தம் எழுதாமல் விடக்கூடாது என்றேன். சுவரில் ஆணி அடிக்கலாமா கூடாதா என்று பத்து நிமிஷம் விவாதம் நடந்தது. அண்ணாச்சி ஆணி அடிக்கலாம் என்றார்.

"அடுக்களை?" என்று வாத்தியார்தான் மெதுவாகக் கேட்டார்.

அண்ணாச்சி டம்ளரை வைத்துவிட்டு, "அஞ்சறைப் பெட்டியை நான் எடுத்துட்டுப் போறேன். பெட்டியில எடம் இருக்கும். அடுப்பு அங்கன கெடக்கட்டும்" என்றார்.